பெரியப்பா பயப்படுவது ஷீட்டுக்கு, பயப்பட வேண்டியது கதவுக்கு

கேள்வி: எங்கள் வீடு வரிச்சிக்குடியில், தரங்கம்பாடி போகிற மெயின்ரோட்டிலிருந்து சற்று உள்ளே இருக்கிறது. என் மாமனாரின் அப்பா கட்டியது. முன்கட்டு சுண்ணாம்புக் காரைச் சுவர். நடுவே முற்றமும் நாட்டு ஓட்டுத் தாழ்வாரமும். கொல்லையில் மாட்டுக்கொட்டகையாக இருந்ததைத்தான் இப்போது சமையற்கட்டாக வைத்திருக்கிறோம். அதற்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். கஜா புயலில் இரண்டு ஷீட் உடைந்தது. மேலே தார்ப்பாயைப் போட்டு இத்தனை வருடம் ஓட்டிவிட்டோம். ஆனியில் மாங்கனித் திருவிழாவுக்கு பாரீசிலிருந்து என் கணவரின் பெரியப்பா குடும்பத்தோடு வருகிறார். அதற்குள் வீட்டைச் சரிசெய்ய வேண்டும். மேஸ்திரி 20 நாளில் முடித்துத் தருகிறேன் என்கிறார். பெரியப்பாவோ போனில், "அந்த ஷீட்டைத் தொடாதீங்க, அது அமியாந்த், விஷம். இங்கே அதைக் கழற்ற உடம்பு முழுக்க மூடிக்கொண்டுதான் வருவார்கள்" என்று பதறுகிறார். "முப்பது வருஷமா அதுக்கு அடியிலதானம்மா சோறு பொங்குறீங்க" என்று மேஸ்திரி சிரிக்கிறார். பெரியப்பாவுக்கு இன்னொரு ஆசையும் உண்டு. கதவு ஜன்னல்களில் அடித்திருக்கும் மஞ்சள், பச்சை பெயிண்டையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு, தேக்கு ரேகை தெரிய பாலிஷ் போட வேண்டுமாம். வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தையும், ஆஸ்துமா உள்ள மாமியாரும் இருக்கிறார்கள். வேலை நடக்கும்போது நாங்கள் உள்ளேயே இருக்கலாமா? பரணில் பழைய கமாக்சின் பவுடர் டப்பா வேறு கிடக்கிறது. என்ன செய்வது?

— ஒரு வாசகி, வரிச்சிக்குடி

பதில்: உங்கள் பெரியப்பா சொல்வதும் சரி, மேஸ்திரி சொல்வதிலும் பாதி சரி. ஆனால் இரண்டு பேருமே கண்டுகொள்ளாத ஒன்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அது கதவு ஜன்னலில் இருக்கும் பழைய பெயிண்ட். ஒன்றரை வயதுக் குழந்தை தவழ்ந்து நடக்கிற வீட்டில், ஷீட்டை விட அதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

இருந்தாலும் ஷீட்டிலிருந்தே தொடங்குகிறேன், வீட்டுச் சண்டை அதில்தானே நடக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் என்பது கல்லுக்குள் நாராக விளைகிற கனிமம், தமிழில் கல்நார், பெரியப்பாவின் பிரெஞ்சில் அமியாந்த். நம் ஊர் அலைஅலையான ஷீட்டில் சிமெண்டோடு ஏறக்குறைய 8 முதல் 10 சதவீதம் வெள்ளைக் கல்நார் கலந்திருக்கும். சிமெண்ட் அதை இறுகப் பிடித்திருக்கும்வரை நார் காற்றில் வராது. மேஸ்திரி சொல்வது அந்த அளவில் உண்மை. அறுத்தாலோ, துளைபோட்டாலோ, உடைத்தாலோ, காய்ந்த ஷீட்டைத் தேய்த்தாலோ கண்ணுக்குத் தெரியாத நார் பறக்கும். அது நுரையீரலுக்குள் போனால் எளிதில் வெளியே வருவதில்லை. நுரையீரல் இறுகிப்போவது, நுரையீரல் புற்று, நுரையீரலைச் சுற்றிய உறையில் வரும் புற்று என்று நோயாகத் தலைகாட்ட 20, 30, 40 வருடம்கூட ஆகும். "முப்பது வருஷமா ஒண்ணும் ஆகலையே" என்ற வாதம் இந்தப் பொருளிடம் செல்லாமல் போவது அதனால்தான்.

பிரான்சு 1997 ஜனவரி 1 முதல் கல்நாரைத் தடைசெய்துவிட்டது. அங்கே 1997 ஜூலைக்கு முன் கட்ட அனுமதி வாங்கிய வீட்டை விற்க வேண்டுமானால் கல்நார் இருக்கிறதா என்ற சோதனை அறிக்கை கட்டாயம். பெரியப்பா அந்தப் பழக்கத்தில் பேசுகிறார். இங்கே நிலைமை வேறு. கல்நாரை வெட்டியெடுப்பது நின்றுபோனாலும், வெளிநாட்டிலிருந்து வரவழைத்து ஷீட் செய்து விற்பதற்குத் தடையில்லை. கல்நார் ஆலைத் தொழிலாளர்களின் உடல்நலம் வாழ்வுரிமையில் சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் தீர்ப்பளித்தது. அது ஆலைக்குள் இருப்பவர்களுக்கு. உங்கள் கொல்லையில் ஏறி ஷீட்டைக் கழற்றப் போகிறவரைப் பற்றிப் பேச ஆளில்லை. இலங்கை கதை இன்னும் வேடிக்கை. 2018 முதல் கல்நார் இறக்குமதிக்குத் தடை என்று அறிவித்திருந்தார்கள். 2017 டிசம்பரில் ரஷ்யா, தேயிலைச் சரக்கில் வண்டு இருந்ததென்று சொல்லி இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. கல்நார் விற்கும் பெரிய நாடு ரஷ்யாதான். தடை தள்ளிப்போனது, தேயிலை மறுபடி கப்பலேறியது.

உங்கள் ஷீட்டைக் கழற்றிவிடுங்கள் என்பதே என் பதில். உடையாத, யாரும் புழங்காத கொட்டகையாக இருந்தால் தொடாமல் விடச் சொல்லியிருப்பேன். இது அடுப்படி. உடைந்த விளிம்புகள் காற்றில் ஒன்றோடொன்று உரசுகின்றன. உப்புக்காற்றிலும் மழையிலும் மேல்தோல் அரித்து, நார் தலைநீட்டியிருக்கும். கைபட்டால் வெள்ளையாக மாவு ஒட்டுகிறதா என்று பார்க்கக்கூடத் தேவையில்லை, பார்க்கவும் வேண்டாம்.

கழற்றும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. வழக்கமாக நம் ஆட்கள் சுத்தியலால் தட்டி உடைத்துக் கீழே தள்ளுவார்கள். பத்து நிமிடத்தில் வேலை முடியும்; தெருவே வெள்ளையாகும். அப்படி வேண்டாம். கொஞ்சம் சோப்பு கரைத்த தண்ணீரை மேலேயும் அடியிலும் மெதுவாகத் தெளித்து ஷீட்டை நனைக்க வேண்டும். மோட்டார் வைத்துப் பீய்ச்சினால் அரிப்புதான் கூடும். ஜே போல்ட்டைத் தலையில் அறுத்து, ஷீட்டை முழுசாகத் தூக்கி, இரண்டு பேர் கைமாற்றி இறக்க வேண்டும். துரு ஏறிய போல்ட்டோடு மல்லுக்கட்டி ஷீட்டை இழுத்தால் உடையும், ஆகவே போல்ட்டைத்தான் பலிகொடுக்க வேண்டும். காற்று சாதுவாக இருக்கும் விடியற்காலை நல்லது. ஆனி பிறந்துவிட்டால் பகலில் மேல்காற்று ஆளைத் தள்ளும், சாயங்காலம் கடல்காற்று திரும்பும். அதற்கு முன், சித்திரை வைகாசியிலேயே இதை முடித்துவிடுங்கள். அன்று குழந்தையும் மாமியாரும் வீட்டில் இருக்கக் கூடாது. அடுப்படிப் பாத்திரம், அரிசி, மளிகை எல்லாவற்றையும் முதல்நாளே முன்கட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

இன்னொன்றையும் மேஸ்திரியிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: பழைய ஷீட்டின் மேல் யாரும் நேராகக் கால்வைக்கக் கூடாது. அடியில் சட்டம் ஓடும் இடத்தைப் பார்த்துச் சாரப்பலகையைக் குறுக்கே போட்டு, அதன்மேல்தான் நடக்க வேண்டும். நாரால் வரும் நோய்க்கு வருடக்கணக்கு. ஷீட் விட்டுக்கொடுத்து அடுப்படித் தரையில் விழுவதற்கு ஒரு நொடி. என் வேலைக்காலத்தில் நான் கண்ணால் பார்த்த விபத்துகள் இரண்டாவது வகைதான்.

இப்போது கதவு. வீட்டுக்கு அடிக்கும் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியை நம் அரசு 2016 நவம்பரில் வெளியிட்டது. நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முன் அடித்த எனாமல் பெயிண்ட் எதுவானாலும் ஈயம் இருப்பதாகவே எடுத்துக்கொள்வது நல்லது. குறிப்பாக அந்த மஞ்சள். பளீரென்ற பழைய மஞ்சளைக் கொடுத்தது ஈயக் குரோமேட் என்ற உப்பு. அதோடு நீலம் கலந்தால் உங்கள் ஜன்னல் பச்சை. ஜன்னல் கம்பிக்கு அடியில் ஆரஞ்சுச் சிவப்பாக ஒரு பூச்சு தெரிந்தால் அது ஈயச் செந்தூரமாக இருக்கலாம். துருவுக்குப் பயந்து கடற்கரை ஊர்களில் அதை விரும்பி அடித்தார்கள். செங்கல் நிறத்தில் இருந்தால் அது பெரும்பாலும் ரெட் ஆக்சைடு, இரும்பு; ஆனாலும் நிறத்தை மட்டும் நம்பிவிட வேண்டாம். ஒரு தகவல்: கட்டடங்களுக்கு ஈயவெள்ளை பூசக் கூடாது என்று பிரான்சு சட்டம் போட்டது 1909-ல். காரைக்கால் அப்போது பிரெஞ்சுக்காரன் கையில்தான் இருந்தது.

சுவர்ச் சுண்ணாம்பில் இந்தப் பிரச்சினை கிடையாது. கதவு, ஜன்னல், கம்பி, தொட்டில் கட்டும் கொக்கி, பழைய இரும்புக் கட்டில் இவற்றில்தான் பார்க்க வேண்டும்.

ஈயம் குழந்தையின் மூளையைத் தொடும். படிப்பு, கவனம், சுபாவம் எல்லாவற்றையும் மந்தமாக்கும், போனது திரும்பாது. இவ்வளவு வரை பரவாயில்லை என்று மருத்துவம் எந்த அளவையும் சொல்வதில்லை. பெரியவர் உடம்பை விடக் குழந்தை உடம்பு அதிக ஈயத்தை உறிஞ்சும், போதாததற்கு உங்கள் குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கிற வயசில் இருக்கிறது. பெயிண்டர் வந்து தாழ்வாரத்தில் கதவைச் சாய்த்துவைத்து, புளோ லேம்ப் காட்டிப் பெயிண்டைப் பொசுக்கி, தகட்டால் வழித்து, மிச்சத்தை மெஷினில் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார். பொசுக்கும்போது ஈயம் புகையாகும், தேய்க்கும்போது மாவாகும். அந்த மாவு ஓட்டிடுக்கிலும் பாயிலும் முற்றத்து மண்ணிலும் படிந்து, பெயிண்டர் கூலி வாங்கிப் போன பிறகும் மாசக்கணக்கில் இருக்கும்.

ஆகவே பெரியப்பாவின் ஆசையை நான் மறுக்கிறேன். பழைய பெயிண்டுக்குப் பிரான்சிலும் பயப்படுகிறார்கள் என்பதையும் மெதுவாகச் சொல்லிவையுங்கள். அங்கே 1949-க்கு முந்தைய வீட்டை விற்க ஈயச் சோதனையும் கட்டாயம். பெயிண்ட் இறுக ஒட்டியிருக்கும் இடத்தைச் சுரண்டவே வேண்டாம். சோப்புத் தண்ணீரில் கழுவி, தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளால் லேசாகப் பளபளப்பை மட்டும் எடுத்து, மேலே புதுப் பூச்சு. பழைய ஈயம் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். உரிந்து தொங்கும் இடத்தை மட்டும், தண்ணீர் தெளித்துக்கொண்டே கையால் சுரண்டி, கீழே விரித்த பாலித்தீனோடு சுருட்டி எடுத்துவிடலாம். கதவும் நிலையும் உரசுகிற இடம், குழந்தை பிடித்து எழுந்து நிற்கிற ஜன்னல் விளிம்பு, இந்த இரண்டையும் விட்டுவிடாதீர்கள்.

முன்வாசல் கதவு ஒன்றாவது தேக்காகத் தெரிய வேண்டும் என்று பெரியப்பா பிடிவாதம் பிடித்தால், அதைக் கீலோடு கழற்றி ஆசாரியின் பட்டறைக்கு அனுப்பிவிடுங்கள். அங்கேயும் நெருப்பு வேண்டாம், ஈரமாகத்தான் தேய்க்க வேண்டும், ஆசாரிக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். முன்னமே ஏதாவது சுரண்டியாகிவிட்டது என்றால், குழந்தை மருத்துவரிடம் சொல்லி ரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சொல்லுங்கள். சாதாரண ரத்தப் பரிசோதனையில் இது சேராது. பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

மூன்றாவது, ஒயரிங்கும் மாற்றுவதாக இருந்தால், மாமியாரின் ஆஸ்துமாவுக்கு எதிரி அதுதான். சுவரில் பைப் புதைக்கக் கட்டிங் மெஷினால் காடி எடுப்பார்களே, அந்தப் புகை மாதிரித் தூசி. செங்கல், மணல், டைல்ஸ், கிரானைட் எல்லாவற்றிலும் இருக்கும் சிலிக்கா அது. மெஷின் பிடிக்கிறவருக்கு அதுதான் தொழில்நோய். தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள். மின்சார மெஷினும் தண்ணீரும் சேர்வதால் அதற்கென்ற ஈர மெஷினும், ஷாக் அடிக்காமல் துண்டிக்கும் பிரேக்கரும் வேண்டும். அது இல்லையென்றால் பழையபடி உளியும் சுத்தியலும், கூடவே ஒரு ஆள் தெளிக்கும் தண்ணீரும். மூக்கில் துண்டு கட்டுவது மனசமாதானத்துக்குத்தான். தலைக்குப் பின்னால் இரண்டு பட்டை போகிற என்95 முகமூடியை மேஸ்திரிக்கு, கொத்தனாருக்கு, சித்தாளுக்கு, எல்லாருக்கும் நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். ஷீட் இறக்கும் நாளுக்கு அதைவிடக் கெட்டியான வடிகட்டி வைத்த ரப்பர் முகமூடி வேண்டும். சாயங்காலம் தென்னந்துடைப்பத்தால் கூட்டவே கூடாது, ஈரத்துணியால் துடைத்து எடுக்க வேண்டும். சாதாரண வாக்குவம் கிளீனரும் வேண்டாம், நுண்தூசியைப் பின்வழியாகத் திரும்ப ஊதிவிடும்.

மேஸ்திரி இன்னொன்றும் சொல்வார், சொல்லாமல் இருக்க மாட்டார்: "பழைய காரையைக் கொத்தி எடுத்துட்டு சிமெண்ட் பூசிடலாம்." சம்மதிக்காதீர்கள். சுண்ணாம்புச் சுவர் உப்பையும் ஈரத்தையும் வெளியே விடும். சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று, ஒன்றிரண்டு ஐப்பசி கார்த்திகையில் அடிச்சுவர் பொரிந்து, மூலையில் பூஞ்சை பிடிக்கும். ஆஸ்துமாக்காரருக்கு அந்தப் பூஞ்சைக் காற்று, தூசியை விட நீண்ட நாள் தொல்லை. விழுந்த இடத்தை மட்டும் சுண்ணாம்பாலேயே ஒட்டுங்கள்.

வீட்டில் இருக்கலாமா என்று கேட்டீர்கள். மற்ற வேலைக்கு ஒரு கட்டில் வேலை, மறுகட்டில் குடித்தனம் என்று நடுவே பாலித்தீன் கட்டி ஓட்டலாம். ஷீட் இறக்கும் நாளும் கதவு ஜன்னல் தேய்க்கும் நாட்களும் அப்படியல்ல. குழந்தையோடு நீங்கள் பிறந்தவீட்டுக்குப் போய்விடுங்கள், மாமியாரையும் கூட்டிக்கொண்டு. சம்பந்தி வீட்டில் ஒரு வாரம் தங்குவதா என்று அவர் தயங்கினால் டாக்டர் சொன்னார் என்று சொல்லுங்கள்.

கமாக்சின் டப்பா: அது பி.எச்.சி. என்ற பூச்சிமருந்து, 1990களிலேயே தடையானது. திறக்காதீர்கள், முகராதீர்கள், கரையானுக்குத் தூவிப் பார்க்காதீர்கள், வாய்க்காலில் கொட்டாதீர்கள். துருப்பிடித்திருந்தால் குலுக்காமல் எடுத்து இரட்டை பாலித்தீனில் போட்டுக் கட்டுங்கள். அந்தப் பரணை ஈரத்துணியால் துடைத்து, துணியையும் அதோடு சேர்த்துவிடுங்கள். இந்த டப்பா, சுரண்டிய பெயிண்ட், ஷீட் மூன்றையும் என்ன செய்வது என்று புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்துக்கும் கோட்டுச்சேரி கொம்யூன் பஞ்சாயத்துக்கும் எழுத்தில் கேளுங்கள். பதில் வரத் தாமதமாகலாம். அதுவரை ஷீட்டைக் கெட்டி பாலித்தீனில் சுற்றி, மேலே கல்நார் என்று எழுதிவைத்து, கொல்லை மூலையில் படுக்கையாக அடுக்கிவையுங்கள். உடைத்துப் பள்ளத்துக்கு ரப்பிஷாகப் போடுவதுதான் ஆகாது.

ஷீட்டை இறக்கியதும் சித்தாள் அம்மா ஒருவர் தயங்கித் தயங்கி வந்து, "உடையாத ஷீட்டு நாலு குடுங்கம்மா, குளிக்கிற இடத்துக்கு மறைப்பு கட்டிக்கிறேன்" என்று கேட்பார். நான் போன வீடுகளிலெல்லாம் யாராவது கேட்டிருக்கிறார்கள். கொடுத்துவிடுவதுதான் சுலபம், ஷீட்டை என்ன செய்வது என்ற உங்கள் தலைவலியும் தீரும். கொடுக்காதீர்கள். புது அடுப்படிக்குத் தகர ஷீட் வாங்கும்போதே இரண்டு அதிகமாகச் சொல்லி அதைக் கொடுங்கள்.