இணையக் கடைக்கும் எடைக்கல் சோதனை வேண்டும்



நமது வேங்கிக்காலில் கடை நடத்துபவர்களுக்குக் கூட்டத்தைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்ற நாட்களில் கல்லாவில் ஓர் ஆள் போதும். பௌர்ணமியன்று இரண்டு பேர் வேண்டும். கார்த்திகைத் தீபத்தன்று நாலு பேர் நின்றாலும் போதாது. அதனால்தான் தீபத்துக்குப் பத்து நாள் முன்பே சரக்கையும் ஆளையும் தயார் செய்கிறோம். ஆனால் இணையதளம் மூலம் வியாபாரம் செய்யத் தொடங்கியதும் இந்த முன்யோசனையை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். நானும் மறந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன், சில்லறைக் கடைக்காரர்கள் கைப்பேசியிலேயே ஆர்டர் போட ஓர் இணையதளம் செய்து வாங்கினேன். வீட்டார், கடை ஆட்கள் என்று பத்துப் பேர் போட்டுப் பார்த்தோம். நன்றாக வேலை செய்தது. முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டேன். தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒரு நாள் காலை 7 மணிக்கு விலைப் பட்டியல் வெளியானதும் 200 கடைக்காரர்கள் பத்து நிமிடத்துக்குள் உள்ளே வந்தார்கள். தளம் அப்படியே நின்றுவிட்டது. ஆர்டர் போகவில்லையோ என்று மறுபடி அழுத்தியவர்களுக்கு ஒரே சரக்கு இரண்டு முறை பதிவாகியிருந்தது. பல வருட வாடிக்கையாளர்கள் சிலர் அன்று வேறு மண்டிக்குப் போனார்கள். அவர்களில் இரண்டு பேர் இன்றுவரை திரும்பவில்லை.

பெரிய இடங்களிலும் நேர்ந்தது

இ-வே பில் நமக்கெல்லாம் நினைவிருக்கும். 2018 ஜனவரி நடுவில் சோதனை ஓட்டம் தொடங்கி, பிப்ரவரி 1 முதல் கட்டாயம் என்றார்கள். அன்று நாடு முழுவதும் வணிகர்கள் ஒரே நேரத்தில் வந்து குவிந்ததும் தளம் முடங்கியது. தொழில்நுட்பக் கோளாறு என்று கூறி அரசு அன்றே அதை ஒத்திவைத்தது. பிறகு ஏப்ரல் 1 முதல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கும், மாநிலத்துக்குள் போகும் சரக்குக்குப் படிப்படியாகவும் கொண்டுவந்தார்கள். தமிழ்நாட்டுக்குள் ஜூன் 2-இல்தான் அது நடைமுறைக்கு வந்தது.

அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீட்டுக்காக 2013 அக்டோபர் 1-இல் திறந்த தளத்தின் கதை இன்னும் மோசம். திறப்புக்குச் சில நாள் முன் நடந்த சோதனையில், சில நூறு பேர் நுழைவது போன்ற சுமைக்கே அது விழுந்துவிட்டது. இருந்தும் குறித்த நாளில் திறந்தார்கள். முதல் நாள் காப்பீட்டுப் பதிவை முடித்தவர்கள் 6 பேர்தான். சோதனை செய்தால் மட்டும் போதாது, அது சொல்வதைக் கேட்கவும் வேண்டும்.

சுமைச் சோதனை என்றால் என்ன?

நமது தராசுக்கு முத்திரை போட வருபவர்கள் துவரம்பருப்பை வைத்தா பார்க்கிறார்கள்? எடைக்கற்களை ஒவ்வொன்றாக ஏற்றி, தராசின் முழு அளவு வரை பார்க்கிறார்கள். இணையதளத்துக்கும் அதுதான் முறை. நிஜ வாடிக்கையாளருக்குப் பதிலாக, வாடிக்கையாளரைப் போலவே நடந்துகொள்ளும் பொய் ஆட்களை ஒரு கணினி உண்டாக்கி அனுப்பும். இதற்கு ஜேமீட்டர் போன்ற இலவச மென்பொருள்களே இருக்கின்றன.

எத்தனை பேரை அனுப்புவது? 1961-இல் ஜான் லிட்டில் என்ற அறிஞர் நிரூபித்த எளிய கணக்கு இதற்கு உதவும். நிமிடத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை, ஒருவர் எத்தனை நிமிடம் உள்ளே இருக்கிறார் என்பதால் பெருக்குங்கள். எனக்கு வந்த 200 கடைகள் 10 நிமிடத்தில் என்றால் நிமிடத்துக்கு 20. ஒருவர் ஆர்டர் போட 6 நிமிடம். ஆக ஒரே நேரத்தில் 120 பேர். தளம் மெதுவாகி 6 நிமிடம் 9 ஆனால் அதுவே 180 பேர். நெரிசல் நெரிசலை வளர்க்கிறது. நான் சோதித்ததோ வெறும் 10 பேரை வைத்து!

நான்கு விதமாகச் சோதிக்க வேண்டும்:

1. கணக்கிட்ட கூட்டத்தை ஒரு மணி நேரம் நிறுத்திப் பார்ப்பது.
2. அதே கூட்டத்தை ஒரே நிமிடத்தில் திடீரென்று உள்ளே விடுவது.
3. பாதிக் கூட்டத்தை நாள் முழுவதும் ஓட்டுவது. கோணியில் உள்ள சிறு ஓட்டை உடனே தெரியாது. நேரம் ஆக ஆகத்தான் தெரியும்.
4. தளம் விழும் வரை ஆட்களைக் கூட்டுவது. விழும்போது "பிறகு வாருங்கள்" என்று சொல்கிறதா, ஆர்டரைத் தொலைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பொய் ஆட்கள் நிஜ ஆட்களைப் போல இருக்க வேண்டும். சிலர் விலை மட்டும் பார்ப்பார்கள், சிலர் 40 சாமான் போடுவார்கள், சிலர் பாதியில் போய்விடுவார்கள். வியாபாரம் நடக்கும் தளத்தில் சோதிக்காமல், அதே வசதியுள்ள நகல் ஒன்றில் செய்வது நல்லது. உண்மையான பணப் பரிமாற்றமும் குறுஞ்செய்தியும் போகாதபடி நிறுத்திவைக்க வேண்டும். அடுத்தவர் தளத்தில் அனுமதியின்றிச் செய்தால் அது தாக்குதல், வழக்கு வரும்.

முடிவைப் படிக்கும்போது சராசரியைக் கண்டு ஏமாறாதீர்கள். 90 பேருக்கு 1 விநாடியும், 10 பேருக்கு 60 விநாடியும் ஆனால் சராசரி 6.9 விநாடிதான். கோபித்துக்கொண்டு போகிறவர்கள் அந்த 10 பேர். "நூற்றுக்கு 95 பேருக்கு எத்தனை விநாடிக்குள் வேலை முடிகிறது?" என்று கேளுங்கள்.

எனக்குக் கிடைத்த பலன்

பிறகு வேறு ஒருவரை வைத்து இந்தச் சோதனையைச் செய்தேன். 60 பேரிலேயே தளம் திணறியது. ஒவ்வொரு கடைக்காரருக்கும் விலைப் பட்டியலை முதலிலிருந்து தேடி எடுத்ததே காரணம். கூட்டத்துக்கு முன் நாம் பருப்பைப் பொட்டலம் கட்டி வைப்பது போல, பட்டியலை ஒருமுறை தயாரித்து வைத்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது. ஒவ்வொரு ஆர்டருக்கும் ஓர் எண் கொடுத்ததால் இரட்டைப் பதிவும் நின்றது.

கூட்டத்தைப் பிரிப்பதும் ஒரு வழி. 2020 ஜனவரியில் ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கலுக்கு 20, 22, 24 என்று தேதிகளைப் பிரித்து அறிவித்தது இதற்காகவே. நானும் போளூர் பக்கத்துக்கு 7 மணி, செங்கம் பக்கத்துக்கு 7.15, கீழ்பென்னாத்தூர் பக்கத்துக்கு 7.30 என்று பட்டியலைப் பிரித்து விடுகிறேன். செலவில்லாத வைத்தியம்!

ஆகவே நண்பர்களே, இணையதளம் செய்யக் கொடுக்கும்போதே எத்தனை பேரைத் தாங்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். சோதனை முடிவைக் கண்ணால் பார்த்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள். முத்திரையில்லாத தராசில் நாம் சரக்கு நிறுப்பதில்லை. சோதிக்காத தளத்தில் வாடிக்கையாளரையும் நிறுத்த வேண்டாம்.