குழாயைப் பிடிக்காத தீயணைப்பு அதிகாரி



தீயணைப்பு வீரர் என்றதும் நம் மனசில் என்ன வரும்? சிவப்பு வண்டி, மணிச் சத்தம், காக்கிச் சட்டை, கையில தண்ணீர் பீய்ச்சும் குழாய். ஆனால் பெரிய தீ விபத்து நடக்கிற எந்த இடத்திலும் ஒருத்தர் மட்டும் குழாயைத் தொடாமல் தள்ளி நின்றுகொண்டிருப்பார். பார்க்கிறவங்க, "இவரு என்னப்பா சும்மா நிக்கிறாரு?" என்று கேட்பார்கள். அவர்தான் அங்கே எல்லாருக்கும் மேலே உள்ள அதிகாரி. அவர் என்ன செய்கிறார் என்பதுதான் இந்தக் கட்டுரை.

நம்ம பக்கம் தேர் இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வடம் பிடிப்பவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுபவர்கள் குனிந்தபடியே இருப்பார்கள். முன்னால் ஒருத்தர் நின்று துண்டை வீசி "இழு", "நிறுத்து" என்று காட்டுவார். அவர் கை வடத்தில் படவே படாது. அவரும் வடத்தைப் பிடித்துவிட்டால் தேர் எந்த வீட்டுத் திண்ணையில் ஏறும் என்று யாருக்குமே தெரியாது. தீயணைப்பிலும் அதே கதைதான்.

நம் மாநிலத்தில் இந்தத் துறையின் பெயர் தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. தீயணைப்போர், அவருக்கு மேல் முன்னணி தீயணைப்போர், அவருக்கு மேல் நிலைய அலுவலர், பிறகு உதவி மாவட்ட அலுவலர், மாவட்ட அலுவலர் என்று வரிசை போகும். சின்ன ஊரில் வைக்கோல் போர் எரிந்தால் நிலைய அலுவலரே போதும். நகரத்தில் பெரிய கட்டடம் பற்றிக்கொண்டால் பல நிலையங்களிலிருந்து வண்டிகள் வரும். அப்போது மாவட்ட அலுவலர் போன்ற மேலதிகாரி வந்து பொறுப்பை ஏற்றுக்கொள்வார். அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் இந்த மாதிரி வேலை பார்ப்பவருக்கு பட்டாலியன் சீஃப் என்று பெயர். பல தீயணைப்புக் குழுக்கள் அவருக்குக் கீழே இருக்கும். சாதாரண வீரராகச் சேர்ந்து, லெப்டினன்ட், கேப்டன் என்று தேர்வு எழுதி எழுதித்தான் இந்தப் பதவிக்கு வர முடியும். தீக்குள்ளே போய் வராதவர் அங்கே மேலதிகாரி ஆகவே முடியாது. அவருக்கு வெள்ளைத் தலைக்கவசம். புகைக்கு நடுவிலும் ஆளைக் கண்டுபிடிக்க அதுதான் அடையாளம்.

சரி, அவர் வந்ததும் முதலில் என்ன செய்வார்? தண்ணீர் அடிக்கச் சொல்ல மாட்டார். பார்ப்பார். கட்டடத்தின் நாலு பக்கமும் பார்க்க வேண்டும். நியூயார்க்கில் கட்டடத்தின் பக்கங்களுக்கு எண் வைத்திருக்கிறார்கள். தெருவைப் பார்த்த முன்பக்கம் 1. அங்கிருந்து கடிகாரம் சுற்றும் திசையில் 2, 3, 4. "அந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று வயர்லெஸ்ஸில் கத்தினால் யாருக்கும் புரியாது இல்லையா? "3-ம் பக்கம் புகை" என்றால் பின்பக்கம் என்று எல்லாருக்கும் உடனே தெரிந்துவிடும். உள்ளே போன வீரருக்கு அவர் நிற்கிற ஒரு அறை மட்டும்தான் தெரியும், சில சமயம் அவருடைய கையே அவருக்குத் தெரியாது. மொத்தக் கட்டடத்தையும் ஒன்றாகப் பார்க்கக்கூடியவர் வெளியே நிற்பவர் மட்டும்தான்.

எட்டாம் வகுப்பு அறிவியலில் படித்தோமே, தீ எரிய எரிபொருள், வெப்பம், ஆக்சிஜன் மூன்றும் வேண்டும் என்று. பரீட்சைக்கு முக்கோணம் வரைந்து இரண்டு மதிப்பெண் வாங்கியதோடு நாம விட்டுட்டோம். மேலதிகாரிக்கு அந்த முக்கோணம்தான் சோறு. பூட்டிய அறையில் தீ எரிந்து ஆக்சிஜன் குறைந்துபோய் அடங்கி இருக்கும். யாராவது அவசரப்பட்டு ஜன்னலை உடைத்தால் வெளிக்காற்று உள்ளே பாயும். அறையின் வெப்பம் 500, 600 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது, மேசை, பாய், துணி எல்லாம் ஒரே நேரத்தில் குப்பென்று பற்றிக்கொள்ளும். ஆகவே ஜன்னலை உடைக்கும் குழுவும் தண்ணீர்க் குழாய் குழுவும் சேர்ந்து நகர வேண்டும். "நீ நில்லு, அவன் தயாராகட்டும், இப்போ உடை" என்று சொல்வது ஒருத்தருடைய வாயாக இருக்க வேண்டும். ரெண்டு பேர் சொன்னால் ஆபத்து.

அடுத்த வேலை கணக்கு. வீரர்கள் முதுகில் மாட்டிப் போகும் சிலிண்டரில் ஆக்சிஜன் இருக்கிறது என்றுதான் நிறைய பேர் நினைக்கிறோம். இல்லை. நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றைத்தான் அழுத்தி அடைத்திருப்பார்கள். அரை மணி நேரம் வரும் என்று கணக்கு இருந்தாலும், கனத்தைத் தூக்கிக்கொண்டு படி ஏறினால் மூச்சு வாங்கும், காற்று சீக்கிரமே தீர்ந்துவிடும். யார் எத்தனை மணிக்கு உள்ளே போனார்கள், எப்போது வெளியே வர வேண்டும் என்பதை வெளியே இருப்பவர் மனசில் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதோடு ஆள் கணக்கு. நியூயார்க்கில் ஒவ்வொரு வண்டியிலும் அன்றைக்கு யார் யார் ஏறி வந்தார்கள் என்ற பெயர்ப் பட்டியல் இருக்கும். கட்டடம் இடிந்தால் அந்தப் பட்டியலை வைத்துப் பெயர் கூப்பிடுவார்கள். நம் வகுப்பில் "உள்ளேன் ஐயா" சொல்வது மாதிரிதான். ஆனால் அங்கே ஒரு பெயருக்குப் பதில் வராவிட்டால் அர்த்தம் வேற.

கட்டடத்தைப் பற்றித் தெரிவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு நியூயார்க்கில் 1966 அக்டோபர் 17-ல் நடந்ததைச் சொல்கிறேன். 23-வது தெருவுக்குப் பக்கத்தில் ஒரு கட்டடத்தின் நிலவறையில் தீ. வீரர்கள் அதற்குப் பின்னால் முதுகோடு முதுகாக ஒட்டியிருந்த மருந்துக்கடை வழியாக உள்ளே போனார்கள். கடைக்குள் பெரிய தீ எதுவும் தெரியவில்லை. ஆனால் பூமிக்குக் கீழே அந்த இரண்டு கட்டடங்களுக்கும் நடுவில் இருந்த சுவரை யாரோ முன்பே நகர்த்திக் கட்டி, பக்கத்துக் கட்டடத்தின் நிலவறையைக் கடைக்கு அடியில் நீட்டியிருந்தார்கள். தீ நேராக வீரர்களின் காலுக்குக் கீழேயே எரிந்துகொண்டிருந்தது. கடைத்தளம் தடிமனான டெராசோ தளம். அதனால் சூடு மேலே தெரியவில்லை. தளம் மொத்தமாக இடிந்தது. 12 பேர் இறந்தார்கள். அதில் இரண்டு பேர் சீஃப் பதவியில் இருந்த மேலதிகாரிகள். 2001 வரைக்கும் அந்தத் துறையில் ஒரே சம்பவத்தில் அத்தனை வீரர்கள் இறந்தது அதுதான். கட்டடத்தின் வரைபடத்தில் இல்லாத ஒரு சுவர் மாற்றம்! அதிகாரி எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும், இல்லாத சுவரை இருப்பதாக நினைத்துவிட்டால் அவர் போடும் கணக்கு எல்லாம் தப்பாகிவிடுகிறது.

நம் சென்னையில் 2012 ஜனவரி 16 அதிகாலை சேப்பாக்கம் எழிலகம் வளாகத்தில் இருந்த கலசமஹால் என்ற பழைய கட்டடத்தில் தீப்பிடித்தது. உள்ளே அரசு அலுவலகங்கள். தீயை அணைக்கும்போது கட்டடம் இடிந்து விழுந்து ஒரு தீயணைப்பு வீரர் உயிரிழந்தார். அங்கே தலைமை ஏற்றிருந்த அதிகாரி பிரியா ரவிச்சந்திரன் பலத்த தீக்காயம் அடைந்தார். இந்தியாவில் தீயணைப்பு அதிகாரியான முதல் பெண்களில் அவரும் ஒருவர். குரூப் 1 தேர்வு எழுதி இந்தத் துறைக்கு வந்தவர். மேலதிகாரி என்றால் எப்பவும் பத்திரமான இடத்தில் நிற்பவர் என்று நான் மேலே எழுதியதை வைத்து நினைத்துவிடாதீர்கள். வெளியே என்றாலும் தீக்குப் பக்கம்தான். சில நேரம் உள்ளேயும் போக வேண்டியிருக்கும். (பொண்ணுங்களுக்கு இந்த வேலை எதுக்கு என்று கேட்பவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கவும்.)

இப்போது 2001 செப்டம்பர் 11. நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்களில் பயங்கரவாதிகள் விமானங்களை மோதிய நாள். காலை 8.46-க்கு வடக்குக் கோபுரத்தில் முதல் விமானம் மோதியபோது, ஜோசப் ஃபைஃபர் என்ற பட்டாலியன் சீஃப் சற்றுத் தள்ளி ஒரு தெருவில் கேஸ் கசிவு வாசனையைச் சோதித்துக்கொண்டிருந்தார். விமானம் மோதுவதைக் கண்ணால் பார்த்தவர் அவர். உடனே வயர்லெஸ்ஸில் கூடுதல் வண்டிகளைக் கேட்டார். சில நிமிடங்களில் கோபுரத்தின் கீழ்த்தளத்துக்கு வந்து பொறுப்பேற்ற முதல் சீஃப் அவர்தான். தீயோ 90 மாடிக்கும் மேலே. லிஃப்ட் இல்லை. அத்தனை கனத்தைத் தூக்கிக்கொண்டு படியில்தான் ஏற வேண்டும். அவ்வளவு பெரிய தீயை அணைக்க முடியாது, மாட்டியிருப்பவர்களை வெளியே கொண்டுவருவதுதான் வேலை என்று அதிகாரிகள் சீக்கிரமே முடிவு செய்தார்கள். என்னைக் கேட்டால் இதுதான் அன்றைக்கு எடுத்த முடிவுகளில் கஷ்டமானது. தீயணைப்புத் துறையே தீயை விட்டுவிடுவோம் என்று சொல்வது.

ஒவ்வொரு குழுவாக வந்து ஃபைஃபரிடம் கட்டளை வாங்கி மேலே போனது. அதில் ஒரு குழுவின் லெப்டினன்ட் கெவின் ஃபைஃபர். அவருடைய சொந்தத் தம்பி. இருவரும் ஒரு கணம் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். மற்றவர்களுக்குச் சொன்னதையே தம்பிக்கும் சொன்னார். தம்பி ஏறிப் போனார்.

அந்தக் கோபுரத்தில் வயர்லெஸ் சரியாகக் கேட்பதற்கு ஒரு கருவி வைத்திருந்தார்கள். அதை முழுசாக இயக்க இரண்டு பட்டன் அழுத்த வேண்டும். அன்று ஒன்றுதான் அழுத்தப்பட்டது. சோதித்துப் பார்த்த அதிகாரிகள் கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து, வடக்குக் கோபுரத்தில் அதைப் பயன்படுத்தவில்லை. ஒரே ஒரு பட்டன்! இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கல.

பக்கத்துத் தெற்குக் கோபுரத்திலும் 9.03-க்கு விமானம் மோதியது. அங்கே ஓரியோ பால்மர் என்ற பட்டாலியன் சீஃப் 40-வது மாடி வரை லிஃப்டில் போய், அங்கிருந்து படியேறி 78-வது மாடி வரைக்கும் போய்விட்டார். அடிபட்டவர்கள் எங்கே, தீ எங்கே, எத்தனை குழாய் வேண்டும் என்று வயர்லெஸ்ஸில் வரிசையாகச் சொன்னார். சில நிமிடங்கள்தான். 9.59-க்கு அந்தக் கோபுரம் இடிந்தது. எஃகு உருகிவிட்டது என்று சிலர் சொல்வார்கள், உருகத் தேவையே இல்லை. சுமார் 600 டிகிரி செல்சியஸிலேயே எஃகு தன் பலத்தில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடும்.

அப்போது வடக்குக் கோபுரத்தில் இருந்த ஃபைஃபருக்குச் சுற்றிலும் ஒரே இருட்டு, தூசி. பக்கத்துக் கோபுரம் முழுவதும் விழுந்துவிட்டது என்று அவருக்குத் தெரியாது. வெளியே இருந்தவர்கள் டி.வி.யில் பார்த்ததுகூட உள்ளே இருந்த அவருக்குத் தெரியவில்லை. இருந்தாலும், என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளக் காத்திருக்காமல், எல்லா வீரர்களும் கோபுரத்தை விட்டு வெளியேறுங்கள் என்று உத்தரவு கொடுத்தார். கேட்ட பலர் இறங்கி உயிர் தப்பினார்கள். சிலருக்குக் கேட்கவே இல்லை. கேட்டவர்களிலும் சிலர், பக்கத்துக் கோபுரம் விழுந்தது தெரியாததால் அவ்வளவு அவசரம் என்று நினைக்கவில்லை. வழியில் நடக்க முடியாதவர்களுக்கு உதவி செய்தபடி மெதுவாக இறங்கியவர்களும் உண்டு. 29 நிமிடம் கழித்து 10.28-க்கு வடக்குக் கோபுரமும் விழுந்தது. நியூயார்க் தீயணைப்புத் துறையில் அன்று இறந்தவர்கள் 343 பேர். அதில் கெவின் ஒருவர். விடுமுறையில் இருந்த வீரர்களும் ஓடிவந்து வண்டியில் தொற்றிக்கொண்டதால், பட்டியலை வைத்துப் பெயர் கூப்பிடுவதுகூட அன்று கஷ்டமாகிவிட்டது. ஜோசப் ஃபைஃபர் அதன் பிறகும் பல வருடம் அதே துறையில் வேலை பார்த்தார். பேரிடருக்கு முன்பே தயாராவது எப்படி என்று ஆராயும் பிரிவை நடத்தி, 2018-ல் ஓய்வு பெற்றார்.

தீ எரியாத நாட்களிலும் மேலதிகாரிக்கு வேலை உண்டு. கட்டடங்களைப் பார்வையிட்டுச் சான்று தருவது. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16-ல் பள்ளி ஓலைக்கூரையில் தீ பரவி 94 குழந்தைகள் இறந்ததை நம் பெற்றோர்கள் இன்றும் பேசுவார்கள். அதன் பிறகுதான் பள்ளிகளில் ஓலைக்கூரை கூடாது என்று கண்டிப்பாக்கினார்கள். இப்போது பள்ளிகளுக்குத் தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று தேவை.

தீயணைப்பு வண்டி வந்து நின்றதும் அதிகாரி கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இவைதான். உள்ளே யாராவது இருக்கிறார்களா, எத்தனை பேர், எந்த அறை? மெயின் சுவிட்ச் எங்கே? கேஸ் சிலிண்டர் எங்கே? தண்ணீர் எங்கே? வண்டி எந்த வழியா உள்ளே வரும்? நம் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். சிலிண்டர் எங்கே என்றால் எல்லாரும் சொன்னார்கள், சாப்பாடு வாசனை அங்கிருந்துதானே வருது. மெயின் சுவிட்ச் எங்கே என்றால் பாதிப் பேர் முழித்தார்கள்.

அதனால் கீழே எழுதிவிடுகிறேன். மெயின் சுவிட்ச் தலைமையாசிரியர் அறைக்கு வெளியே, அறிவிப்புப் பலகைக்குப் பின்னால் உள்ள சுவரில் இருக்கிறது. சத்துணவுக் கூடத்தின் சிலிண்டர்கள் பின்வாசல் பக்கம். தண்ணீர்த் தொட்டி வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம். பெரிய வண்டி வர முன் கேட் பத்தாது, மைதானத்துக் கேட்டைத்தான் திறக்க வேண்டும். அதன் சாவி அலுவலக ஆணியில் தொங்குகிறது. வகுப்பை விட்டு வெளியே ஓடும்போது வகுப்புத் தலைவர் எடுத்துவர வேண்டியது வருகைப் பதிவேடு. தொலைபேசி எண் 101, அல்லது 112.