எந்த வெப் சர்வர் நம்பர் ஒன்?

பிரவுசரின் அட்ரஸ் பாரில் ஒரு முகவரியை டைப் செய்து என்டர் தட்டுகிறோம். சில நொடிகளில் தளம் திரைக்கு வந்து விடுகிறது. அதை அனுப்பி வைத்தது யார்? மறுமுனையில் உள்ள கம்ப்யூட்டரில் இயங்கும் வெப் சர்வர் என்ற சாப்ட்வேர்தான்.

ஹோட்டலில் சர்வரிடம் இரண்டு இட்லி கேட்கிறோம். அவர் உள்ளே போய் எடுத்து வந்து வைக்கிறார். இல்லை என்றால், இல்லை என்று சொல்கிறார். வெப் சர்வரின் வேலையும் இதுதான். பிரவுசர் கேட்கும் பக்கத்தைத் தேடி எடுத்து அனுப்பும். அந்தப் பக்கம் இல்லை என்றால் 404 என்ற எண்ணைப் பதிலாக அனுப்பும்.

சொந்தமாகத் தளம் தொடங்க விரும்பும் நண்பர்கள் என்னிடம், "எந்த சர்வர் நம்பர் ஒன்? அதையே எடுத்துக் கொள்கிறேன்" என்பார்கள். நானும் முதலில் நிற்பது எதுவோ அதன் பெயரைச் சொல்லி அனுப்பி விடுவேன். அந்தக் கணக்கு எப்படி எடுக்கப்படுகிறது என்று தெரிந்து கொண்ட பிறகு, அப்படிச் சொல்வதை விட்டு விட்டேன். ஏன் என்று பார்ப்போம்.

போட்டியில் இருப்பவர்கள்

முதல் வெப் சர்வரை 1990-ல் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ உருவாக்கினார். அடுத்து, அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இருந்த என்.சி.எஸ்.ஏ. மையத்தில் ராப் மெக்கூல் எழுதிய சர்வர் பரவியது. 1994-ல் அவர் அங்கிருந்து விலகியதும் அதன் வளர்ச்சி நின்றது. அதைப் பயன்படுத்தி வந்த சிலர் தாங்கள் செய்த திருத்தங்களை ஒன்று சேர்த்து, 1995-ல் அப்பாச்சி என்ற பெயரில் இலவசமாக வெளியிட்டனர். மறு ஆண்டே அது முதலிடத்தைப் பிடித்தது.

1996-ல் மைக்ரோசாப்ட் தன் ஐ.ஐ.எஸ். சர்வரைக் கொண்டு வந்தது. 2004-ல் ரஷ்யாவைச் சேர்ந்த இகோர் சிசோயெவ், என்ஜின்எக்ஸ் சர்வரை வெளியிட்டார். அன்றைய அப்பாச்சி, மேஜைக்கு ஒரு சர்வரை நிறுத்தும் ஹோட்டல் போன்றது. கூட்டம் கூடினால் ஆளும் கூட வேண்டும், மெமரியும் கூட வேண்டும். என்ஜின்எக்ஸில் ஒரே சர்வர் எல்லா மேஜைகளையும் சுற்றி வந்து கவனிப்பார். அதனால் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் வந்தாலும் குறைந்த மெமரியில் சமாளிக்கும்.

எண்ணுவது எப்படி?

இங்கிலாந்தின் நெட்கிராப்ட் நிறுவனம் 1995 ஆகஸ்ட் முதல் இந்தக் கணக்கை எடுத்து வருகிறது. முதல் மாதம் அதற்குக் கிடைத்த தளங்கள் 18,957 மட்டுமே. முறை எளிது. ஒவ்வொரு தளத்தையும் கேட்டால் வரும் பதிலின் தலைப்பகுதியில் சர்வரின் பெயர் இருக்கும். அதைக் குறித்துக் கொண்டு கூட்டினால் போதும். ஆனால் இதில் மூன்று சிக்கல்கள் உண்டு.

முதலாவது, மனையா வீடா என்ற சிக்கல். ஊருக்கு வெளியே லே-அவுட் போட்டு ஆயிரம் கல் நட்டால் ஆயிரம் வீடு ஆகி விடுமா? இணையத்திலும் பெயரை மட்டும் பதிவு செய்து, உள்ளே எதுவும் போடாத தளங்கள் ஏராளம். நானே ஒரு பெயரைப் பதிவு செய்து நெடுநாள் சும்மா வைத்திருந்தேன். அந்தக் காலி மனையும் யாரோ ஒரு சர்வருக்கு ஓர் ஓட்டுத்தான்! 2006-ல் கோடாடி நிறுவனம் இப்படி நிறுத்தி வைத்த லட்சக்கணக்கான பெயர்களை அப்பாச்சியிலிருந்து ஐ.ஐ.எஸ்.சுக்கு மாற்றியது. ஒரே மாதத்தில் பட்டியல் அசைந்தது. 2014 ஜூலையில் மொத்தத் தளங்களின் எண்ணிக்கையில் மைக்ரோசாப்ட் அப்பாச்சியை முந்தியது. ஆனால் உண்மையில் இயங்கும் தளங்களை மட்டும் எண்ணியபோது அப்பாச்சிதான் வெகுவாக முன்னால் இருந்தது. 2019 ஏப்ரலில் மொத்தக் கணக்கில் என்ஜின்எக்ஸ் முதலிடத்துக்கு வந்தது.

இரண்டாவது, பதில் சொல்பவரே சமைத்தவராக இருக்க வேண்டியதில்லை. முன்னால் என்ஜின்எக்ஸை நிறுத்தி, பின்னால் அப்பாச்சியை வேலை வாங்கும் தளங்கள் பல. கணக்கில் வருவது முன்னால் நிற்பது மட்டுமே. பெயரை மறைத்துப் பதில் அனுப்பும் தளங்களும் உண்டு.

மூன்றாவதுதான் முக்கியம். எண்ணிக்கை பாதுகாப்பைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. "அதிகம் பேர் பயன்படுத்துவதைத்தான் வைரஸ் தாக்கும்" என்பார்கள். 2001-ல் முதலிடத்தில் இருந்தது அப்பாச்சி. ஆனால் அந்த ஜூலை 19 அன்று கோட் ரெட் என்ற வார்ம் 14 மணி நேரத்துக்குள் சுமார் 3,59,000 கம்ப்யூட்டர்களில் புகுந்தது இரண்டாம் இடத்தில் இருந்த ஐ.ஐ.எஸ். வழியாக! அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் பைலை ஒரு மாதம் முன்பே மைக்ரோசாப்ட் தந்து விட்டது. போட்டுக் கொள்ளாதவர்கள்தான் மாட்டினார்கள். விண்டோஸ் 2000 சர்வரை நிறுவும்போதே ஐ.ஐ.எஸ்.சும் சேர்ந்து வந்து விடும் என்பதால், தம் கம்ப்யூட்டரில் வெப் சர்வர் ஓடுவதே தெரியாமல் இருந்தவர்களும் அதில் உண்டு.

நீங்களே பாருங்கள்

1. குரோம் அல்லது எட்ஜ் பிரவுசரில் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து, எப்12 கீயை அழுத்துங்கள்.
2. திறக்கும் பகுதியில் நெட்வொர்க் என்ற டேபைக் கிளிக் செய்து, எப்5 அழுத்திப் பக்கத்தை மீண்டும் வரவழையுங்கள்.
3. பட்டியலின் முதல் வரியைக் கிளிக் செய்து, ஹெடர்ஸ் பிரிவில் ரெஸ்பான்ஸ் ஹெடர்ஸ் என்பதைப் பாருங்கள்.
4. அங்கே சர்வர் என்ற வரி இருந்தால், எதிரே பெயர் இருக்கும். இல்லை என்றால் அந்தத் தளம் பெயரை மறைத்திருக்கிறது.

தினமும் பார்க்கும் பத்துத் தளங்களுக்கு இப்படிச் செய்து ஒரு தாளில் குறித்து வையுங்கள். உங்கள் சொந்த சர்வே தயார்!

இப்போது யாராவது நம்பர் ஒன் எது என்று கேட்டால், நான் திருப்பி மூன்று கேள்விகள் கேட்கிறேன். உங்கள் தளத்துக்குத் தேவையானவை அதில் இயங்குமா? சிக்கல் வந்தால் உதவ ஆள் இருக்கிறார்களா? பேட்ச் வந்தவுடன் யார் போடுவார்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லை என்றால், பட்டியலில் முதலில் நிற்கும் சர்வரும் உங்களைக் காப்பாற்றாது. பயிற்சிக்காக உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு வெப் சர்வரை நிறுவினாலும், வேலை முடிந்ததும் மறக்காமல் நிறுத்தி விடுங்கள்.