கடல் கடந்த மிக்ஸி

கேள்வி: தஞ்சாவூரிலிருந்து என் மாமியார் ஆசையாகத் தூக்கி வந்த 750 வாட்ஸ் மிக்ஸி, இங்கே பிளக்கில் செருகினால் முனகுகிறதே தவிர அரைக்கவில்லை. இந்தியாவில் 230 வோல்ட், அமெரிக்காவில் 120 வோல்ட் என்கிறார்கள். ஊருக்கு ஒரு மின்சாரம் என்று வைத்தது யார்?
– வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: இந்தக் கதை தொடங்கியதே உங்கள் ஊரில்தான். ரேரிட்டன் என்று இருந்த உங்கள் டவுன்ஷிப், 1954-இல் தாமஸ் ஆல்வா எடிசனின் பெயரைச் சூட்டிக்கொண்டது. அதற்குள் இருக்கும் மென்லோ பார்க்கில்தான் அவருடைய ஆய்வுக்கூடம் இருந்தது. 1879-இல் கார்பன் இழை விளக்கு அங்கேதான் எரிந்தது. அந்த இழை சீக்கிரம் கருகிவிடாமல் நல்ல வெளிச்சம் தர, சுமார் 100 வோல்ட் சரியாக இருந்தது. கம்பியில் வரும் வழியில் குறைவதையும் சேர்த்து 110 வோல்ட்டாக அனுப்பினார் எடிசன். 1882 செப்டம்பர் 4 அன்று நியூயார்க்கின் பேர்ல் தெரு மின்நிலையம் ஓடத் தொடங்கியது.

எடிசன் தந்தது நேர்மின்சாரம். பின்னால் மாறுமின்சாரம் வந்து அதை வீழ்த்தியது. ஆனால் அதற்குள் ஊரெங்கும் 110 வோல்ட் விளக்குகள் மாட்டியாகிவிட்டன. அவை எரிய வேண்டுமென்றால் மின்னழுத்தத்தை, அதாவது வோல்ட்டை, மாற்ற முடியாது. மின்சாரத்தின் வகை மாறியது, எண் மட்டும் தங்கிவிட்டது. மெல்ல ஏறி இன்று 120-இல் நிற்கிறது.

ஐரோப்பா பிரிந்து போன இடம் பெர்லின். 1899-இல் அந்நகரின் மின்நிறுவனம் 220 வோல்ட்டுக்கு மாறத் தொடங்கியது. அழுத்தத்தை இரட்டிப்பாக்கினால், அதே சக்தியைக் கொண்டுபோகப் பாதி மின்னோட்டம் போதும். பழைய கம்பியிலேயே கூடுதல் வீடுகளுக்குக் கொடுக்கலாம். வாடிக்கையாளர்களின் விளக்குகளையும் மோட்டார்களையும் மாற்றித்தரும் செலவை நிறுவனமே ஏற்றது. செம்புக் கம்பியில் மிச்சமான பணம் அதற்கு ஈடுகட்டியது. ஐரோப்பாவின் மற்ற நகரங்களும் இந்தக் கணக்கைப் பின்பற்றின. நமக்கு மின்சாரம் பிரிட்டிஷார் வழியாக வந்ததால் நாமும் உயர்ந்த அழுத்தத்தின் பக்கம் சேர்ந்தோம்.

இப்போது உங்கள் மிக்ஸி. அழுத்தம் பாதியானால் மோட்டாருக்குக் கிடைக்கும் சக்தி பாதியாவதில்லை, ஏறக்குறைய கால்வாசியாகிவிடும். 750 வாட்ஸ் மிக்ஸி சுமார் 200 வாட்ஸ் மட்டுமே தேறும் நிலையில் உளுந்தோடு போராடுகிறது. மாமியார் மேலும் குற்றமில்லை, மிக்ஸி மேலும் குற்றமில்லை. அப்படியே தொடர்ந்து ஓட்டினால் பிளேடு திணறி நிற்கும், மோட்டார் சூடேறும். அதனால் முயற்சியை நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்கிவிட்டால் மிக்ஸி, வெட் கிரைண்டர் இரண்டையும் வெளிநாட்டில் ஓட்டலாமா?
– வாசகர், நிஷி-கசாய், டோக்கியோ

பதில்: மிக்ஸியை ஓட்டலாம். கிரைண்டருக்கு நீங்கள் இருக்கும் ஊரைக் கேட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும்.

மிக்ஸிக்குள் இருப்பது 'யுனிவர்சல் மோட்டார்'. கார்பன் பிரஷ் வைத்த, நேர்மின்சாரத்திலும் மாறுமின்சாரத்திலும் ஓடக்கூடிய மோட்டார் இது. மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சியா 60 சுழற்சியா (ஹெர்ட்ஸ்) என்று அது பார்ப்பதில்லை. அழுத்தம் சரியாக இருந்தால் போதும். மேஜை கிரைண்டர்களில் பெரும்பாலும் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். அதன் வேகத்தைத் தீர்மானிப்பதே அந்த 50, 60 என்ற எண்தான். இந்தியாவின் 50 ஹெர்ட்ஸுக்குச் செய்த கிரைண்டரை 60 ஹெர்ட்ஸில் ஓட்டினால் கல் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் சுற்றும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது.

ஜப்பான் இதில் ஒரு விசித்திரம். டோக்கியோ மின்நிறுவனம் 1890களில் ஜெர்மனியின் ஏ.இ.ஜி. ஜெனரேட்டர்களை வாங்கியது, அவை 50 ஹெர்ட்ஸ். ஒசாகா அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கிடம் வாங்கியது, அவை 60 ஹெர்ட்ஸ். நாடு இன்றும் நடுவே பிளந்து, கிழக்கே 50, மேற்கே 60 என்று இருக்கிறது. அழுத்தம் மட்டும் எங்கும் 100 வோல்ட். 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு கிழக்கே மின்பஞ்சம் வந்தபோது, மேற்கிலிருந்து போதுமான மின்சாரத்தைக் கொண்டுவர இந்தப் பிளவே தடையாக நின்றது. நீங்கள் டோக்கியோவில் இருப்பதால் தப்பித்தீர்கள்: டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் உங்கள் கிரைண்டர் கோவையில் சுற்றிய வேகத்திலேயே சுற்றும். ஒசாகாவுக்கு வேலை மாறினால் அதை நண்பரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

டிரான்ஸ்ஃபார்மர் வாங்கும்போது மிக்ஸியின் வாட்ஸைப் போல இரண்டு மடங்கு தாங்கக்கூடியதாகப் பாருங்கள், ஏனெனில் மோட்டார் கிளம்பும் நொடியில் கூடுதலாக இழுக்கும். 750 வாட்ஸுக்கு 1500. கையளவே இருக்கும், எடையில்லாத 'கன்வெர்ட்டர்' என்று பயணப் பொருள் கடைகளில் கிடைப்பது இஸ்திரிப் பெட்டிக்கும் முடி உலர்த்திக்கும் ஆனது, மோட்டாருக்கு ஆகாது. இரும்பின் மேல் செம்பு சுற்றிய, கனமான டிரான்ஸ்ஃபார்மர்தான் வேண்டும்.

எனக்குப் பிடித்த வழி வேறு. பிரீத்தி போன்ற நம்மூர் நிறுவனங்கள் அமெரிக்காவுக்கென்றே 110 வோல்ட்டில் மோட்டார் சுற்றிய மிக்ஸிகளைச் செய்கின்றன. ஜாரும் பிளேடும் நமக்குப் பழகியவை, மின்சாரம் அந்த நாட்டுக்கு ஏற்றது. அமெரிக்காவில் குடியேறுகிறவர்கள் அதை வாங்குவதே நல்லது.

கேள்வி: பிளெண்டரை முதலில் கண்டுபிடித்தவர் யார்? பழச்சாறுக்காகவா?
– மாணவி, திருநெல்வேலி

பதில்: பழச்சாறுக்காக இல்லை, மால்ட் கலந்த பாலுக்காக. நம் வீடுகளில் காய்ச்சல்காரர்களுக்கும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கும் ஆற்றிக்கொடுத்த ஹார்லிக்ஸ் இருக்கிறதே, அதே ஹார்லிக்ஸ்தான்.

இங்கிலாந்திலிருந்து போன ஹார்லிக் சகோதரர்கள் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ரசீன் என்ற ஊரில் அந்த மாவைச் செய்தார்கள். அமெரிக்க சோடாக் கடைகளில் அதைப் பாலோடும் ஐஸ்கிரீமோடும் கலந்து விற்றார்கள். கையால் கலக்கினால் கட்டி தட்டும். அதே ஊரில் வாழ்ந்த, போலந்திலிருந்து சிறுவனாக வந்து குடியேறிய ஸ்டீபன் போப்லாவ்ஸ்கி, பாத்திரத்தின் அடியில் சுழலும் பிளேடை வைக்க நினைத்தார். 1922-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. அதற்கு முன்பிருந்த கலக்கிகளில் தண்டு மேலேயிருந்து பானத்துக்குள் இறங்கும். பிளேடைக் கீழே கொண்டுபோனதுதான் பெரிய திருப்பம். இன்று உங்கள் வீட்டில் இருக்கும் மிக்ஸி வரை அந்த அமைப்பு மாறவே இல்லை.

ரசீன் சிறிய ஊர்தான் என்றாலும், சமையலறை மோட்டாரின் தாய்வீடு என்றே அதைச் சொல்வேன். சிறிய, அதிவேக மோட்டார்களுக்குப் பேர்போன ஹாமில்டன் பீச் நிறுவனம் 1910-இல் தொடங்கியதும் அங்கேதான். அதன் நிறுவனர்களில் ஒருவரான ஃபிரெட் ஓசியஸ், போப்லாவ்ஸ்கியின் யோசனையை மேம்படுத்தி, செய்துகாட்டப் பணம் தேடி ஃபிரெட் வாரிங்கிடம் போனார். வாரிங் பொறியாளர் இல்லை, அந்தக் காலத்துப் புகழ்பெற்ற இசைக்குழுத் தலைவர். அவர் பணம் போட்டார். 1937-இல் சிகாகோவில் நடந்த உணவகக் கண்காட்சியில் 'மிராக்கிள் மிக்ஸர்' 29.75 டாலர் விலையில் அறிமுகமானது. கச்சேரிக்குப் போன ஊர்களிலெல்லாம் ஹோட்டல்களிலும் மதுக்கூடங்களிலும் வாரிங்கே அதை எடுத்துக்காட்டி விற்றார்.

அதே 1937-இல் ஒஹையோவில் இன்னொரு குடும்பமும் பிளெண்டரை விற்கத் தொடங்கியது. 'பாப்பா' பர்னார்ட் என்று அழைக்கப்பட்டவர் 1921-இல் தொடங்கிய அந்த வியாபாரம்தான் இன்றைய வைட்டமிக்ஸ். 1949-இல் கிளீவ்லாந்து தொலைக்காட்சியில் அவர் அரைமணி நேரம் நேரலையாகத் தம் இயந்திரத்தில் அரைத்துக் காட்டினார். இன்று நள்ளிரவில் ஓடும் நீண்ட விற்பனை நிகழ்ச்சிகளுக்கு அது முன்னோடி.

மாணவி கேட்டிருப்பதால் இன்னொன்றும் சொல்லாமல் விட மனமில்லை. 1952-இல் ஆல்ஃபிரட் ஹெர்ஷி, மார்த்தா சேஸ் என்ற இரு விஞ்ஞானிகள், பாக்டீரியாவின் மேல் ஒட்டியிருந்த வைரஸ்களின் புரத உறைகளை உதறிப் பிரிக்க ஒரு வாரிங் பிளெண்டரைப் பயன்படுத்தினார்கள். உறை வெளியே போனது. பாக்டீரியாவுக்குள் புகுந்து அடுத்த தலைமுறையை உண்டாக்கியது டி.என்.ஏ. என்று தெரிந்தது. மரபணு எதனால் ஆனது என்ற கேள்விக்கு வலுவான விடை தந்த அந்தச் சோதனையைப் பாடப்புத்தகங்கள் இன்றும் 'பிளெண்டர் சோதனை' என்கின்றன. ஹெர்ஷிக்கு 1969-இல் நோபல் பரிசு கிடைத்தது.

கேள்வி: டொரண்டோவில் என் மகன் விலை உயர்ந்த, 2 குதிரைத்திறன் பிளெண்டர் வாங்கியிருக்கிறான். ஸ்மூத்தி வெண்ணெய் மாதிரி வருகிறது. தேங்காய்ச் சட்னி மட்டும் வரவில்லை. அவ்வளவு சக்தி இருந்தும் ஏன்?
– வாசகி, மதுரை

பதில்: சக்தி போதாமல் இல்லை, ஜார் வேறு. பிளெண்டர் ஜார் உயரமானது, அடியில் குறுகியது. அது திரவத்தை நம்பி இருக்கிறது. பிளேடு சுற்றும்போது நடுவில் சுழல் உண்டாகி மேலே இருப்பதைக் கீழே இழுக்க வேண்டும். இழுத்தது ஓரமாக ஏறி மறுபடி நடுவில் விழ வேண்டும். இந்தச் சுற்று ஓடினால்தான் அரையும். ஒரு மூடித் தேங்காய், நாலு பச்சைமிளகாய், பொட்டுக்கடலை, ஒரு கரண்டித் தண்ணீர் என்றால் சுழல் எங்கிருந்து வரும்? எல்லாம் சுவரில் போய் அப்பிக்கொள்ளும், பிளேடு காற்றில் சுற்றும். வைட்டமிக்ஸ் போன்றவற்றில் மூடியின் துளை வழியே உள்ளே தள்ள ஒரு கட்டை கொடுப்பது இதற்காகத்தான். உங்கள் மகனிடம் அதைப் பயன்படுத்தச் சொல்லுங்கள், சட்னியை மூன்று நாளுக்குச் சேர்த்து அரைக்கச் சொல்லுங்கள், ஓரளவு வரும்.

நம் மிக்ஸியின் சட்னி ஜார் குட்டையானது. பிளேடு அடியையும் சுவரையும் உரசாத குறையாகச் சுற்றுகிறது. கொஞ்சமாகப் போட்டாலும், தண்ணீரே இல்லாமல் போட்டாலும் அகப்படும். மிளகாயும் தனியாவும் வறுத்துப் பொடிக்கலாம். இந்த அமைப்புக்குப் பின்னால் ஒரு பெண்ணின் பிடிவாதம் இருக்கிறது.

1960களின் தொடக்கத்தில் பம்பாயில் மாதுரி மாத்தூர் என்பவரிடம் பிரௌன் என்ற ஜெர்மன் மிக்ஸி இருந்தது. மென்மையான ஐரோப்பியச் சமையலுக்குச் செய்த மோட்டார் நம்மூர் அரைவைக்குத் தாங்காமல் எரிந்தது. இந்தியாவில் பழுதுபார்க்க வழியில்லை. கணவர் சத்ய பிரகாஷ் மாத்தூர் சீமென்ஸில் பொறியாளர். நம் சமையலுக்குத் தாங்கும் ஒன்றை நீங்களே செய்து கொடுங்கள் என்று மாதுரி கேட்டார். அவர் சக பொறியாளர்களோடு உட்கார்ந்து, வலுவான மோட்டாரும் நம் அரைவைக்கேற்ற பிளேடும் வைத்துச் செய்தார். 1963-இல் கம்பெனி தொடங்கியது. அந்த மிக்ஸிதான் சுமீத்.

தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே மிக்ஸி என்றால் சுமீத் என்று நினைத்தது. 1978-இல் சென்னையில் பிரீத்தி வந்தது. இன்னும் பல வந்தன. 2011-இல் தமிழக அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறியை விலையில்லாமல் வழங்கத் தொடங்கியபோது, அம்மியே கதி என்றிருந்த வீடுகளுக்கும் அது போய்ச் சேர்ந்தது. அம்மியின் முன்னால் குத்துக்காலிட்டு மணிக்கணக்கில் அரைத்த பெண்களின் தோள்வலியைக் குறைத்தவர்களில் மாதுரி மாத்தூர் முதல் வரிசையில் நிற்கிறார். எடிசனைப் படிக்கும் நம் பிள்ளைகள் அவரையும் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: 3 குதிரைத்திறன் என்றெல்லாம் விளம்பரம் செய்கிறார்களே, உண்மையா?
– வாசகர், ஹூஸ்டன்

பதில்: ஒரு குதிரைத்திறன் 746 வாட்ஸ். மூன்று என்றால் 2238. உங்கள் சமையலறையின் சாதாரண 15 ஆம்பியர் பிளக் தரக்கூடியதே 1800 வாட்ஸ்தான். விளம்பரத்தில் சொல்வது ஒரு நொடிக்கு எட்டும் உச்சம். இயந்திரத்தைக் கவிழ்த்து, அடித்தகட்டில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதை 120-ஆல் பெருக்கினால் வருவதுதான் உண்மை.

கேள்வி: பதினைந்து ஆண்டு அமெரிக்க வாழ்க்கையை முடித்துக் கோவைக்குத் திரும்புகிறோம். நன்றாக உழைக்கும் பிளெண்டரைக் கொண்டுவரலாமா?
– வாசகர், டல்லாஸ்

பதில்: விற்றுவிட்டு வருவதே நல்லது. 120 வோல்ட்டுக்குச் செய்ததை 230 வோல்ட்டில் செருகினால், முதல் கேள்வியில் பார்த்த கணக்கு தலைகீழாகி, கிட்டத்தட்ட நாலு மடங்கு சக்தி பாயும். மோட்டாரும் வேகக்கட்டுப்பாட்டுச் சர்க்யூட்டும் நொடிகளில் போய்விடும். மனசில்லை என்றால் 2000 வாட்ஸுக்குக் குறையாத ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதன் கனத்துக்குச் சமையல் மேடையில் நிரந்தர இடமும் வேண்டும். வாரண்டி பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். கப்ளரோ வாஷரோ போனால் நம் மிக்ஸிக்குத் தெருமுனைக் கடையில் சில நிமிடத்தில் மாற்றிக்கொடுப்பார்கள், அந்த பிளெண்டருக்குக் கிடைக்காது. கொண்டுவந்துவிட்டீர்கள் என்றால், உறவினர் யாரும் நேரே பிளக்கில் செருகிவிடாதபடி, '120 வோல்ட் மட்டும்' என்று அதன் மேல் பெரிதாக எழுதி ஒட்டிவையுங்கள்.