செல்லுக்குள் ஒரு சுரங்கம்



கோலார் தங்கவயலில் வாழும் உங்களுக்குச் சுரங்கம் என்னும் சொல்லை விளக்க வேண்டியதில்லை. 1880-ஆம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனத்தார் தொடங்கிய பணி 2001 பிப்ரவரி 28 வரை நடைபெற்றது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியது. அவ்வாழத்தில் பாறையின் அழுத்தத்தால் வெட்டிய வழி தானே நில்லாது. எனவே மரத்தாலும் எஃகாலும் முட்டுக் கொடுத்தனர். கருங்கல்லை அடுக்கித் தாங்கு சுவர்கள் எழுப்பினர்.

நம் உடலின் செல்லுக்குள்ளும் இத்தகைய வேலை இடைவிடாது நடைபெறுகிறது. செல்லில் மைட்டோகாண்டிரியா, லைசோசோம் முதலிய நுண்ணுறுப்புகள் உள்ளன. அவற்றைச் சூழ்ந்திருப்பது சவ்வு. (கன்னட வகுப்பில் இதனைப் ‘பொரெ’ என்று படித்திருப்பீர்கள். நம் ‘கண்புரை’யை அங்கே ‘கண்ணின பொரெ’ என்பர்.) சவ்வு, கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக அமைந்த மிக மெல்லிய படலம். அதனைத் தன்போக்கில் விட்டால் சோப்புக் குமிழி போல உருண்டு கொள்ளும். ஆயினும் செல்லுக்குள் குழாய்களும் தட்டுகளும் மடிப்புகளும் காணப்படுகின்றன. அவ்வடிவங்களைத் தருவதில் பெரும்பங்கு புரதங்களுடையது.

ரெட்டிகுலான் என்னும் புரதம் சவ்வின் ஓரடுக்கில் ஆப்புப் போலச் செருகிக் கொள்கிறது. அவ்வடுக்கு அகல, சவ்வு வளைந்து குழாயாகிறது. பார் எனப்படும் புரதப் பகுதிகள் வாழைப்பழம் போல் வளைந்தவை. அவை சவ்வின்மீது படிந்து தம் வளைவை அதற்கும் தருகின்றன. கிளாத்ரின் புரதங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கூடையாகிச் சவ்வைச் சிறு பையாக்குகின்றன. சுரங்கத்து முட்டு, சரிவைத் தடுப்பது மட்டுமே. புரதமோ வடிவத்தையே படைக்கிறது. ஆதலால் என் உவமை முழுமையானதன்று.

எஸ்கார்ட் என்னும் புரதக் கூட்டம் இப்பாடத்தில் நாம் சிறப்பாக அறிய வேண்டியது. இவை இழைகளாகத் திரண்டு, சுருள் வடிவில் சவ்வின்மேல் அமைந்து, அதனை வளைத்துக் கிள்ளிவிடும் ஆற்றலுடையவை. லைசோசோமின் சவ்வில் சிறு கிழிசல் நேர்ந்தால் இவை அங்கு விரைந்து சென்று அதனை மூடுகின்றன.

லைசோசோம் கிழிவதேன்? தங்கவயலின் பொன், குவார்ட்சு என்னும் பாறையோடு கலந்திருந்தது. அதனைத் துளையிடும்போது எழுந்த தூசியில் சிலிக்கா மிகுதி. மிக நுண்ணிய துகள்கள் நுரையீரலின் காற்றறைகள் வரை சென்றன. அங்குக் காவலிருக்கும் விழுங்கு செல்கள், கிருமியை விழுங்குவது போலவே அத்துகளையும் விழுங்கின. கிருமி லைசோசோமில் செரிக்கும், சிலிக்கா செரிக்காது. அது சவ்வைச் சிதைக்கிறது. எஸ்கார்ட் புரதங்கள் சில கிழிசல்களை மூடலாம். ஆண்டுக்கணக்கில் தூசி சேருமாயின் அவற்றால் ஈடுகொடுக்க இயலாது. நொதிகள் கசிகின்றன, செல் மடிகிறது, வெளிப்பட்ட துகளை மற்றொரு செல் விழுங்குகிறது. இவ்வாறு அழற்சி தொடர்ந்து, நுரையீரல் தழும்பேறி இறுகுகிறது. இந்நோயே சிலிக்கோசிஸ்.

வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் வந்து பாறையைத் துளைத்த நம் முன்னோர் பலர் இந்நோய்க்கு ஆளாயினர். இந்நோயுடையோரைக் காசநோயும் எளிதில் பற்றும். இறுகிய நுரையீரலை மீட்கும் மருந்து இன்றுமில்லை. நீரைப் பாய்ச்சித் துளையிட்டுத் தூசியை அடக்குவதே வழி.

சொற்பொருள்
நொதி – உயிர்வேதி வினைகளை விரைவுபடுத்தும் புரதம்
அழற்சி – உடலின் ஒரு பகுதி சிவந்து வீங்குதல்

பயிற்சி
1. கிருமிக்கும் சிலிக்காத் துகளுக்கும் லைசோசோமில் நேரும் வேறுபாடு யாது?
2. சுரங்கத்து முட்டும் செல்லின் புரதமும் எவ்வகையில் ஒக்கும்? எவ்வகையில் வேறுபடும்?
3. சுரங்கத்தில் பணியாற்றிய முதியவர் ஒருவரிடம் தூசியைப் பற்றிக் கேட்டறிந்து, அவர் கூறியதைப் பத்து வரிகளில் எழுதுக.