தலைமாட்டில் கேட்க வேண்டிய சைரன்

நம்பிக்கை: ஃபயர் அலாரம் எவ்வளவு அலறுகிறதோ, அவ்வளவு பாதுகாப்பு.

சைரன் பெட்டியில் 100 டெசிபல் என்று போட்டிருந்தால், அது பெரும்பாலும் ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்த கணக்கு. தொலைவு இரட்டிப்பாகும்போதெல்லாம் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். எட்டு மீட்டரில் 82. நடுவே மூடிய கதவு ஒன்று இருந்தால் இன்னும் 20 போய்விடும். கட்டிலில் படுத்திருப்பவர் காதுக்கு மிஞ்சுவது 62 தான். இந்தியத் தரமான ஐஎஸ் 2189, ஆட்கள் தூங்கும் அறையில் கட்டிலின் தலைமாட்டில் 75 டெசிபல் கேட்க வேண்டும் என்கிறது. வராந்தாவில் ஒற்றைச் சைரனை மாட்டிவிட்டுக் கடமை முடிந்ததாக நினைக்கும் ஹாஸ்டல்களும் லாட்ஜுகளும் இந்த இடத்தில்தான் தவறுகின்றன. மதுரையில் 2024 செப்டம்பரில் ஒரு பெண்கள் விடுதியில் தீப்பிடித்து உயிர்கள் போனது அதிகாலை நேரத்தில் என்பதை இவர்கள் மறக்கக் கூடாது.

அதற்காக ஒரே இடத்தில் காது கிழிய அலறவிடுவதும் தீர்வாகாது. அமெரிக்காவின் என்எஃப்பிஏ 72 விதி 110 டெசிபலோடு நிறுத்தச் சொல்கிறது. அளவான சைரன்களை அறைக்கு அறை பிரித்து மாட்டுவதே சரி.

நம்பிக்கை: அந்தச் சத்தத்திலும் எழாமல் யாராவது தூங்குவார்களா?

குழந்தைகள் தூங்குவார்கள். அமெரிக்காவின் ஒஹாயோவில் 24 குழந்தைகளை வைத்து நடந்து, 2006-இல் வெளியான ஆய்வில், வழக்கமான அலார ஒலிக்கு எழுந்தவர்கள் 14 பேர். பெயர் சொல்லிக் கூப்பிட்டு எழுப்பும் தாயின் பதிவுசெய்த குரலுக்கு எழுந்தவர்கள் 23 பேர். முதியவர்களுக்கு வேறு சிக்கல். சாதாரணப் புகை அலாரம் ஏறக்குறைய 3,100 ஹெர்ட்ஸில் கீச்சிடும். வயதானால் காது முதலில் இழப்பது இந்தக் கீச்சொலிகளைத்தான். 520 ஹெர்ட்ஸ் கட்டை ஒலி இவர்களையும் குழந்தைகளையும் நன்றாக எழுப்புகிறது என்று சோதனைகள் காட்டிய பிறகு, ஹோட்டல் போன்ற கட்டடங்களின் படுக்கை அறைகளுக்கு அதையே என்எஃப்பிஏ 72 விதியாக்கியது. காது கேளாதவருக்கு எந்தச் சைரனும் உதவாது. தலையணைக்கடியில் அதிரும் கருவியும் பளிச்சிடும் விளக்கும் அவர்களுக்குக் கட்டாயம் வேண்டும்.

நம்பிக்கை: சைரன் அடித்தால் தீயணைப்பு வண்டி தானாக வந்துவிடும்.

பெரும்பாலான கட்டடங்களில் அது உள்ளே இருப்பவர்களுக்கு மட்டுமே கேட்கும் எச்சரிக்கை. வெளியே வந்ததும் 101 அல்லது 112-ஐ யாராவது ஒருவர் அழைத்தே ஆக வேண்டும்.

அலாரத்தைச் சோதிக்கும் வார்டன்கள் பகலில் வராந்தாவில் நின்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். கடைசி அறைக்குப் போய், கதவைச் சாத்தி, மின்விசிறியைப் போட்டுவிட்டு, கட்டிலில் படுத்துக் கேளுங்கள்.