கை அச்சில் ஒரு ராகிக் கதிர்

நவம்பர் கடைசி வாரம் வந்தால் பெங்களூருவை ஒட்டிய சந்தாபுரா, எலெக்ட்ரானிக் சிட்டி பக்கத்துப் பெற்றோர் சிலர் ஒரே விஷயத்தோடு வருகிறார்கள். பள்ளியில் குழந்தையின் உள்ளங்கையில் வண்ணம் பூசி, தாளில் பதித்து, அதற்குக் கண்ணும் மூக்கும் வரைந்து வான்கோழியாக்கிக் கொடுத்தனுப்பியிருப்பார்கள். கீழே ‘ஹேப்பி தாங்க்ஸ்கிவிங்’ என்று எழுதியிருக்கும். “இது எந்த ஊர்ப் பண்டிகை?” என்று பாட்டி கேட்பார். “நம்ம வீட்டுல எப்போ?” என்று குழந்தை கேட்கும். அம்மாவின் கவலை வேறு: “யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு ஓடிவிடுகிறான். ஒரு தேங்க்ஸ்கூட வாயில் வருவதில்லை. வளர்ப்பில் தவறு செய்கிறேனா?”

இல்லை. பதறவும் தேவையில்லை. மூன்று கேள்விகளையும் வரிசையாகப் பார்க்கலாம்.

அந்த வான்கோழி எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவில் நவம்பர் மாத நான்காம் வியாழக்கிழமையும், கனடாவில் அக்டோபர் மாத இரண்டாம் திங்கட்கிழமையும் இந்த நாள் கொண்டாடப்படுகிறது. 1621ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிளைமவுத் என்ற இடத்தில் குடியேறிய ஆங்கிலேயர்கள், அறுவடை முடிந்ததும் வாம்பனோவாக் என்னும் பூர்வகுடி மக்களோடு சேர்ந்து உண்ட விருந்தை இதன் தொடக்கமாகச் சொல்வார்கள். அதை நாடு முழுமைக்குமான நாளாக 1863இல் அறிவித்தவர் ஆபிரகாம் லிங்கன். பின்னாளில் அந்தப் பூர்வகுடிகள் தங்கள் நிலத்தையும் ஏராளமான உயிர்களையும் இழந்தார்கள். அதனால் 1970 முதல் அதே நாளை அங்கே துக்க நாளாக அனுசரிப்பவர்களும் உண்டு.

ஆறு வயதுக் குழந்தைக்கு இவ்வளவு போதும்: “அது அந்த ஊர் அறுவடை விருந்து. வந்தவர்களுக்கு உதவியவர்களை, வந்தவர்கள் பின்னால் நன்றாக நடத்தவில்லை. அதனால் சிலருக்கு அது சந்தோஷ நாள், சிலருக்கு வருத்தமான நாள்.” மறைக்கவும் வேண்டாம், பயமுறுத்தவும் வேண்டாம்.

பாட்டிக்கும் பதில் இருக்கிறது. பெயர்தான் வெளியூர், விஷயம் நம்முடையது. அதே நவம்பர், டிசம்பரில்தான் இங்கே ஆனேக்கல் தாலுகாவில் ராகி அறுப்பு நடக்கிறது. ஜனவரி நடுவில் கன்னடக் குடும்பங்களுக்குச் சங்கராந்தி, நமக்குப் பொங்கல், மறுநாள் மாட்டுப் பொங்கல். சி.எஸ்.ஐ. திருச்சபைகளில் அறுப்பின் பண்டிகை வரும். வீட்டில் விளைந்த காய், முட்டை, கோழி என்று கொண்டுவந்து படைத்து, அவற்றை ஏலம் விடுவார்கள். ஆகவே குழந்தையிடம், “நம்ம வீட்டுலயும் உண்டு. தை மாசம். வேலையை இப்பவே ஆரம்பிக்கலாம்” என்று சொல்லலாம்.

ஏன் நன்றி சொல்வதில்லை?

முதல் காரணம் வயது. பிறர்மனம் அறிதல் (என் மனதில் உள்ளதும் அடுத்தவர் மனதில் உள்ளதும் வேறு வேறாக இருக்கலாம் என்று புரிந்துகொள்ளும் திறன்) பெரும்பாலான குழந்தைகளிடம் நான்கு, ஐந்து வயதில்தான் நிலைபெறுகிறது. ‘எனக்காக இவர் மெனக்கெட்டிருக்கிறார்’ என்று உணர அந்தத் திறன் வேண்டும். அதற்கு முன் குழந்தை சொல்லும் ‘தேங்க்ஸ்’, கையசைத்துச் சொல்லும் ‘டாட்டா’ போன்ற ஒரு பழக்கம். நல்ல பழக்கம்தான், ஆனால் அதை நன்றியுணர்வு என்று எண்ணிவிடக் கூடாது.

இரண்டாவது காரணம் தூரம். அடுக்குமாடிக் குடியிருப்பின் பால்கனியில் நின்றால் ராகி வயல் தெரியும். ஆனால் வீட்டுக்கு மாவு வருவது, கைபேசியில் விரலை வைத்த பத்தாவது நிமிடத்தில் அழைப்பு மணி அடித்து. நடுவில் உழைத்தவர் யாரையும் குழந்தை பார்ப்பதில்லை. பார்க்காத ஒருவருக்கு எப்படி நன்றி தோன்றும்?

மூன்றாவது, நம் வழக்கம். தமிழ் வீடுகளில் அம்மாவிடம் ‘நன்றி’ என்று சொன்னால், “என்னடா அந்நியமாப் பேசுற” என்றுதான் கேட்பார். நாம் சாப்பிட்டு எழுந்து “வயிறு நிறைஞ்சுது” என்போம். பெரியவர்கள் “நல்லா இரு” என்பார்கள். பக்கத்து வீட்டுப் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தரமாட்டோம். வீட்டில் செயலாக இருப்பதைப் பள்ளி சொல்லாகக் கேட்கிறது. குழந்தை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

எதைக் கவனிக்க வேண்டும்?

பிரான்சிஸ்கா பாம்கார்ட்டன்-டிராமர் என்ற உளவியலாளர் 1938இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்விட்சர்லாந்துச் சிறுவர்களிடம் இரண்டு கேள்விகள் கேட்டார். உன் பெரிய ஆசை என்ன? அதை நிறைவேற்றித் தருபவருக்கு நீ என்ன செய்வாய்? பதில்களில் அவர் கண்ட வகைகளில் மூன்று இன்றும் பயன்படுகின்றன. சொல் நன்றி (வாயால் ‘நன்றி’ என்பது). பொருள் நன்றி (தனக்குப் பிடித்ததைத் திருப்பிக் கொடுப்பது, தாத்தாவுக்குப் பாதி சாக்லேட் நீட்டுவது). உறவு நன்றி (கொடுத்தவருக்கு எது வேண்டும் என்று யோசித்துச் செய்வது, தாத்தாவின் கண்ணாடியைத் தேடி எடுத்துத் தருவது).

ஆகவே உங்கள் நான்கு வயது மகன் பேசாமல் ஓடிப்போய், தன் பொம்மைக் காரை மாமாவின் மடியில் வைத்தால், அவன் நன்றி சொல்லிவிட்டான். மூன்றாவது வகை மெல்லத்தான் வரும். பரிசைப் பிரித்து “இது எனக்குப் பிடிக்கல” என்று ஐந்து வயதில் சொல்வதும் இயல்பு. அது ஏமாற்றத்தின் வெளிப்பாடு, திமிர் அல்ல.

கவனிக்க வேண்டியவை வேறு. இரண்டு வயதிலும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமல் இருப்பது, வேண்டியதை விரலால் சுட்டிக்காட்டாமல் இருப்பது, பேசிய சொற்களை இழப்பது, கண்ணைப் பார்ப்பதை எப்போதும் தவிர்ப்பது. இவை இருந்தால் ‘தானாகச் சரியாகும்’ என்று காத்திராமல் குழந்தைநல மருத்துவரைப் பாருங்கள். அவர் தேவையென்று சொன்னால், பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

கையால் செய்வது

அதே கை அச்சை வைத்துக்கொள்ளுங்கள். படத்தை மட்டும் மாற்றுங்கள். ராகிக் கதிரைப் பார்த்திருப்பீர்கள். தண்டின் நுனியில் ஐந்தாறு விரல்கள் விரிந்து, கொஞ்சம் உள்ளே மடங்கியிருக்கும். காவி நிறம் பூசிய உள்ளங்கையைப் பதித்து, கீழே ஒரு தண்டு வரைந்தால் கதிர் வந்துவிடும். இனி முக்கியமான வேலை. அன்று சாப்பிட்ட ராகிக் களி யார் யார் கை வழியாக வந்தது என்று கேட்டு, விரலுக்கு ஒருவராக எழுதுங்கள்: விதைத்தவர், அறுத்தவர், மாவு மில்லில் அரைத்தவர், கொண்டுவந்து கொடுத்தவர், கிண்டியவர். பெயர் தெரியாவிட்டால் ‘மில் அண்ணா’ என்று எழுதலாம். தெரியாத விரலை வெறுமையாக விடுங்கள். அதை நிரப்ப ஒரு ஞாயிறு காலை ஆனேக்கல்–தளி சாலைப் பக்கம் போய்வாருங்கள். அனுமதி கேட்டு வயலோரம் நின்றால், ராகிக்கு நடுவே அவரைச் செடி வரிசை தனியாக ஓடுவதையும் காட்டலாம். கன்னடத்தில் அதை ‘அக்கடி சாலு’ (ஊடுபயிர் வரிசை) என்பார்கள்.

அடுத்தது அவரைக்காய். குளிர்காலத்தில் இங்கே எந்தச் சந்தையிலும் குவிந்திருக்கும். உரித்த பயறைச் சில மணி நேரம் ஊறவைத்து, தோலைப் பிதுக்கி எடுத்தால் பிதுக்குப் பருப்பு. ஐந்து வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு இதைவிட நல்ல கைவேலை இல்லை. விரலிடுக்கில் வழுக்கி எகிறும், சிரிப்பும் வரும். அரை மணி நேரம் பிதுக்கியும் ஒரு கிண்ணம் நிறையாதபோது, உழைப்பு என்பது என்ன என்று நீங்கள் விளக்க வேண்டியிருக்காது.

சங்கராந்திக்கு ‘எள்ளு பெல்லா’. வறுத்த வெள்ளை எள், பொடியாக நறுக்கிய வெல்லம், கொப்பரைத் துண்டு, வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை, பொட்டுக்கடலை ஆகியவற்றின் கலவை. நறுக்குவதும் வறுப்பதும் பெரியவர்கள் வேலை. அளந்து கலப்பதும் பொட்டலம் கட்டுவதும் குழந்தைகள் வேலை. செய்தித்தாளில் கட்ட வேண்டாம். அச்சு மை உணவில் ஏறும் என்பதால் உணவுப் பாதுகாப்பு ஆணையமே அதைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறது. வெள்ளைத்தாள் போதும். பிறகு அக்கம்பக்கம் வீடு வீடாகக் கொடுத்துவரச் செய்யுங்கள். “எள்ளு பெல்ல திந்து ஒள்ளே மாத்தாடு” (எள்ளும் வெல்லமும் தின்று நல்லதைப் பேசு) என்பது இங்குள்ள வழக்கு. காவலாளி, குப்பை எடுப்பவர், வீட்டு வேலைக்கு வரும் அக்கா ஆகியோர் பட்டியலின் கடைசியில் அல்ல, தொடக்கத்தில் இருக்கட்டும்.

புத்தகம்

‘நன்றி’ என்று தலைப்பிட்ட புத்தகத்தைத் தேடி அலைய வேண்டாம். சோறு, வயல், சந்தை, பேருந்து, தாத்தா பாட்டி என்று எதைப் பற்றிய நல்ல கதையும் பயன்படும். 2004இல் பெங்களூருவில் தொடங்கிய பிரதம் புக்ஸ், 2015 முதல் ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் தமிழ், கன்னடம் உள்ளிட்ட பல மொழிகளில் படக்கதைகளை இலவசமாகத் தருகிறது. சென்னையின் தூலிகா பதிப்பகம் இருமொழிப் புத்தகங்களும் வெளியிடுகிறது. கர்நாடகத்தின் கிராமப் பஞ்சாயத்து நூலகங்களில் 2020இல் தொடங்கிய ‘ஓதுவ பெளகு’ (வாசிப்பின் வெளிச்சம்) திட்டத்தில் குழந்தைகள் கட்டணமில்லாமல் உறுப்பினராகலாம். கன்னடப் புத்தகம் என்று தயங்க வேண்டாம். பள்ளியில் கன்னடம் கற்ற பிள்ளை வாசித்துக் காட்ட, பாட்டி கேட்கட்டும்; அன்று பாட்டிதான் மாணவி.

வாசிக்கும்போது “இதிலிருந்து என்ன தெரிகிறது?” என்று கேட்காதீர்கள். “இந்தப் படத்தில் இன்னும் யார் இருக்கிறார்கள்? அவர் ஏன் அங்கே நிற்கிறார்?” என்று கேளுங்கள். நீதியைப் பெரியவர் சொல்லிவிட்டால் குழந்தைக்கு யோசிக்க ஒன்றும் மிச்சமிருக்காது.

வீட்டு வழக்கம்

பெரிய விழாவைவிடச் சிறிய வழக்கம் நிலைக்கும். வாரம் ஒருநாள், இரவுச் சாப்பாட்டின்போது, “இன்னிக்கு எனக்கு யார் உதவினாங்க தெரியுமா?” என்று பெரியவர்கள் முதலில் சொல்லுங்கள். “பஸ்ல ஒரு பாட்டி இடம் கொடுத்தாங்க” என்பது போதும். குழந்தை சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. பொங்கலன்று ஊரில் இருக்கும் தாத்தாவைத் தொலைபேசியில் அழைத்து, அவர் சிறுவயதில் பார்த்த களத்துமேட்டைப் பற்றிக் கேட்கச் செய்யுங்கள். நோன்புப் பெருநாள் தொழுகைக்கு முன் ஃபித்ரா (ஏழைகளுக்கான தானியக் கொடை) கொடுக்கும் குடும்பமென்றால், அரிசியைக் குழந்தையே அளக்கட்டும்.

தவிர்க்க வேண்டிய குறுக்குவழிகள்

விருந்தினர் முன் நிறுத்தி “தேங்க்ஸ் சொல்லு, சொன்னாத்தான் கையில் தருவேன்” என்பது வேண்டாம். அங்கே குழந்தை கற்பது வெட்கத்தை. அதன் சார்பில் நீங்கள் சொல்லிவிடுங்கள். கேட்டுக் கேட்டு வரும். “சோறு இல்லாத பிள்ளைகள் எத்தனை பேர் தெரியுமா” என்ற ஒப்பீடு குற்றவுணர்வைத் தரும், நன்றியைத் தராது. நன்றி சொன்னால் ஸ்டிக்கர், உதவினால் சாக்லேட் என்று விலை வைப்பதும் சரியல்ல. ஜெர்மனியில் 20 மாதக் குழந்தைகளிடம் நடத்தி 2008இல் வெளியான ஆய்வொன்றில், உதவியதற்குப் பொருள் பரிசு பெற்ற குழந்தைகள் பின்னர் குறைவாகவே உதவினார்கள். வேலையாட்களுக்குக் கொடுப்பதைப் படம் எடுத்துப் பகிர்வதும் வேண்டாம்.

பாதுகாப்பு

வேர்க்கடலை, பொட்டுக்கடலை, கொப்பரைத் துண்டு, அவரைப் பயறு ஆகியவற்றை ஐந்து வயதுக்குக் கீழ் முழுதாகக் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழலில் சிக்கும். அவர்களுக்கு எள்ளும் வெல்லமும் பொடித்த கலவை போதும். அக்கம்பக்கம் கொடுக்குமுன் கடலை, எள் ஒவ்வாமை (உடல் ஏற்காமை) உண்டா என்று கேளுங்கள். சிறு குழந்தைகளின் தலையில் இலந்தைப்பழமும் காசும் கொட்டும் சடங்கு செய்தால், முடிந்ததும் ஒன்றுவிடாமல் பொறுக்கி எடுங்கள்.

தொண்டையில் சிக்கிய குழந்தை சத்தமாக இருமினால் இருமவிடுங்கள். சத்தமில்லாமல் திணறினால் உடனே 108ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, குழந்தையை முன்பக்கம் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை பலமாகத் தட்டுங்கள். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவுவது, சோற்றுருண்டையோ வாழைப்பழமோ விழுங்கவைப்பது இரண்டும் ஆபத்து.

சங்கராந்தி மாலையில் கிராமங்களில் ‘கிச்சு ஹாயிஸுவுது’ (அலங்கரித்த மாடுகளை வைக்கோல் தீயைத் தாண்டவைப்பது) பார்க்கப் போனால், மாடு ஓடிவரும் திசையில் நிற்காதீர்கள். குழந்தைக்குப் பருத்தி ஆடை அணிவியுங்கள். தீப்பட்டால் அந்த இடத்தை ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, காபித்தூள், இட்லி மாவு, பனிக்கட்டி எதுவும் வேண்டாம். கொப்புளம் பெரிதென்றால், அல்லது முகத்திலோ கையிலோ பட்டிருந்தால், மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. ராகிக் கதிர் வரைந்த தாளின் பின்புறம் தேதி எழுதிப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த நவம்பரில் புதிதாக ஒன்று செய்து, பழையதன் பக்கத்தில் வையுங்கள். குழந்தை ‘தேங்க்ஸ்’ சொல்லப் பழகிவிட்டதா என்று எண்ணிப் பார்க்க வேண்டாம். சென்ற ஆண்டு வெறுமையாக விட்ட விரலில் இந்த ஆண்டு ஒரு பெயர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.